தள்ளினால் நகர்ந்த வண்டி

பஸ்ஸில் போகும்போது, டிரைவர் பிரேக் பிடிப்பதற்கு முன்பே உங்கள் வலது கால் தரையை அழுத்துகிறதா? என் கால் அழுத்தும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பஸ்ஸில் சூளகிரி தாண்டியதும் அழுத்த ஆரம்பித்தால் மேலுமலை இறக்கம் முடிகிறவரை எடுக்காது. இறங்கி நடக்கும்போது கணுக்கால் வலிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியாது, அவர்கள் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நம் வயதுக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் என் காலைப் பார்த்துவிட்டுத் தங்கள் காலையும் பார்ப்பார்கள். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது இந்தப் பேச்சை எடுக்கக் காரணம் என் மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டுக் கொத்தமல்லியும் புதினாவும் ஏற்றுவதற்குப் பழைய சின்ன லாரி ஒன்று வாங்கப்போகிறேன் என்று நிற்கிறாள். சாப்பிடும்போதெல்லாம் போனில் படம் காட்டினாள். இது லோடு தாங்கும், ஆனால் விலை நம் கைக்கு எட்டாது. அது விலை சரி, ஆனால் வீட்டு ஆட்கள் உட்கார இடம் இல்லை. இன்னொன்று எல்லாவற்றுக்கும் சரி, ஆனால் எத்தனை பேர் கை மாறியதோ. இப்படி அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு மாம்பழக் காலத்தின் தொடக்கத்தில் இதே பேச்சுத்தான் ஓடியது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அப்பா சூளகிரிப் பக்கத்தில் ஒரு பண்ணையில் மாடும் வண்டியும் பார்த்தவர். அப்புறம் ஓசூரில் கம்பெனிகள் வரவும் அங்கே லோடு இறக்கும் வேலைக்குப் போனார். ஒருநாள் வாசலில் வைத்தே இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பண்ணை டிராக்டரில் ஓட்டிப் பழகி லைசென்ஸும் எடுத்து வைத்திருந்ததால், சொந்தமாக ஒரு பழைய டெம்போ வாங்கிவிட்டால் யார் வாசலிலும் நிற்கவேண்டாம் என்பது அவர் கணக்கு. தக்காளி, கொத்தமல்லி, சீசனில் மாங்காய் என்று ஏற்றலாம்.

அம்மாவுக்கு வேறு காரணம் இருந்தது. என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது, இளைப்பு நோய். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும், உதடு நீலம் பாரிக்கும். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எங்கள் கூட்ரோட்டில் பஸ்கள் நிற்காது. அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் கை காட்டியபடி நிற்பாள், நான் மாற்றுத்துணிப் பையோடு பக்கத்தில் நிற்பேன். தம்பியின் மூச்சில் விசில் கேட்கும். அந்த விசில் நின்றுவிடுமோ என்று பயந்து நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆகவே வண்டி வாங்குவதில் அம்மாவுக்கும் சம்மதம்தான். வண்டி என்றால் அவளுக்கு ஆஸ்பத்திரி.

அப்பா வண்டி பார்த்த விதத்தைச் சொல்வதற்கு முன், அவர் மாடு பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும்.

பண்ணைக்கு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், குளம்பைத் தட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்து முடித்தபிறகு வீட்டுப் பிள்ளையின் கையில் கயிற்றைக் கொடுத்து நடக்கவிடுவார்கள். முரண்டு பிடிக்காமல் பிள்ளை பின்னால் வந்துவிட்டால் அந்த மாடு குடும்பத்துக்கு ஆகும். கொம்பு அவ்வளவு பெரிதாக, திமில் என் தலைக்கு மேலே நிற்க, அதன் மூச்சு சூடாக என் பின்கழுத்தில் பட, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். எந்த நேரமும் முட்டிவிடும் என்று முதுகு கூசும்.

"திரும்பிப் பாக்காத பாப்பா. நீ பாட்டுக்கு நட, அது வரும்" என்பார் அப்பா.

மாடு வந்துவிடும். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். அப்பா என்னைத் தூக்கி, "கொழந்த கைக்கு வந்துச்சு பாத்தீங்களா. இதான் ஊட்டுக்கு ஆவுற மாடு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். பயத்தில் என் உள்ளங்கை வேர்த்திருப்பதை அவர் கவனித்ததில்லை. பெருமையில் நானும் சொன்னதில்லை.

அந்தச் சந்தையிலிருந்த மாட்டுத் தரகர்தான் பின்னாளில் வண்டித் தரகராக மாறினார். உழவு குறைந்து மாடு குறையவும், தோளில் கிடந்த அதே துண்டோடு டெம்போ விற்கவும் வாங்கவும் நடுவில் நின்றார். விலையை வாயால் சொல்லமாட்டார். துண்டைக் கையின் மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார். அப்பா அவரை நம்பியதற்கு அவர் பிடித்துக் கொடுத்த மாடுகள் எதுவும் மோசம் போகவில்லை என்பதே காரணம். மெக்கானிக் யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாமே என்று அம்மா கேட்டதற்கு, "அண்ணன் கண்ணுக்குத் தப்புமா?" என்று அப்பா வாயை அடைத்துவிட்டார்.

முதல் வண்டி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ராகிக் காட்டோரம் நின்றது. நீல வண்டி. பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது, ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வண்டிக்காரர் வயதான கன்னடக்காரர், அதிகம் பேசாத ஆள். "சென்னாகிதெ" என்று ஒரு வார்த்தை சொன்னார். நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லைபோல.

வெயில் கொளுத்தியதால் அம்மா தம்பியை எடுத்துக்கொண்டு கேபினுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். தரகர் சக்கரத்தை உதைத்தார், அப்பா இன்ஜினைத் திறந்து பார்த்தார். எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பின்னால போயி ரெண்டு கையையும் வச்சித் தள்ளு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவு பெரிய வண்டியை நான் தள்ளுவதா என்று. அப்பா சிரிக்கவில்லை. சந்தையில் கயிற்றைக் கொடுக்கும்போது இருக்கும் அதே முகம். நான் போய்த் தள்ளினேன். தரை சமமாகத்தான் இருந்தது. வண்டி அசையவில்லை. தகரம் சுட்டதுதான் மிச்சம். அப்பாவும் ஒரு கை கொடுத்தார். அப்போதும் அது மலைபோல நின்றது.

வண்டிக்காரர், "இரி, இரி" என்று சொல்லிக்கொண்டே கேபின் பக்கம் ஓடினார். பொறுங்கள் என்கிறார். இன்ஜினைப் போடப்போகிறார் என்று நினைத்து அப்பா கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"இன்ஜினைப் போட்டா எதுதான் ஓடாது? சும்மா நிக்கும்போது கொழந்த கைக்கு வரணும். இது முரண்டுக் கட்டை. வேணாம்ணா."

தரகரும், "எனக்கும் மனசு ஒப்பல தம்பி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கன்னடக்காரர் கேபின் கதவில் கை வைத்தபடி நாங்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது வண்டி கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், ஒரு மாங்காய் மண்டிக்குப் பின்னால் இருந்த களத்தில் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. புதிதாக அடித்த மஞ்சள் பெயின்ட், நெற்றியில் தாமரைப்பூ, கண்ணாடியில் குஞ்சம். கேபினில் நாங்கள் எல்லோரும் உட்கார இடம் இருந்தது. பின்னால் பாடியும் நீளம். விலையும் நீல வண்டியைவிடக் குறைவு என்று தரகர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்ததும் அப்பாவின் முகத்தில் தெரிந்துவிட்டது. அம்மா வழக்கம்போலத் தம்பியோடு கேபினில் ஏறிக்கொண்டாள்.

"பாப்பா, தள்ளு."

தள்ளினேன். முதலில் ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை தள்ளினேன். சக்கரத்தடியில் மணல் நெரியும் சத்தம் கேட்டது. மஞ்சள் வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் கையை விட்டு முன்னால் போனது. கேபினில் அம்மா, "ஐயோ, போவுதுங்க!" என்று கத்தினாள்.

களத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "கொழந்த கைக்கு வந்துடுச்சிண்ணா! சாதுவா வருது பாரு!" என்றார். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் குளிரெடுக்கிறது.

வண்டி நாலடி போய் நின்றதும் அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அவள் முகம் வெளிறியிருந்தது. கேபினுக்குள் கையைக் காட்டிக் கேட்டாள்.

"அந்தக் கம்பி மேல தூக்கிக்கிட்டு நிக்குதே, அது என்னாது? அந்த நீல வண்டியிலயும் இப்பிடித்தான் நின்னுச்சி."

"எல்லா வண்டியிலயும் அது இருக்கும்மா" என்றார் தரகர்.

"வண்டி போறது சரிங்க" என்றாள் அம்மா அப்பாவைப் பார்த்து. "நிக்குமா?"

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். "நிக்காம எங்கம்மா போவும், புல்லு மேயவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "அவ எதுக்கெடுத்தாலும் பயப்படுவாண்ணா" என்றார். அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவளின் கேள்விக்கு நம் வீடுகளில் என்றைக்குப் பதில் கிடைத்திருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அப்பா களத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினார். வெறும் வண்டி, சமதரை, நின்ற இடத்தில் நின்றது. கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொட்டு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அந்த ஹேண்ட் பிரேக் கம்பி தூக்கியிருந்ததை அப்பா ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அதை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கமாட்டார்கள். வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் வண்டிக்குக் கல்லுக்குப் பதில் முட்டுக்கட்டை. புளியமரக் கிளையை ஆப்பு மாதிரி செதுக்கி, தலையில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து அப்பாவே செய்தார். அதைப் போடுகிற வேலை எனக்கு.

வண்டி நிற்கப்போகும்போதே அப்பா, "பாப்பா, கட்டை!" என்பார். நான் கதவைத் திறந்து குதித்து, பின்சக்கரத்துக்கு ஓடி, அதன் அடியில் கட்டையைத் திணிக்கவேண்டும். கொஞ்சம் ஏற்றமாக இருந்தால் சக்கரம் பின்னால் உருண்டு வந்துகொண்டேயிருக்கும். ரப்பர் கட்டையின் மேல் ஏறி நொறுநொறுவென்று நிற்கும். விரலை எடுக்க ஒரு நொடி தாமதித்தாலும் போயிற்று. ஆனால் எனக்கு விரலைப் பற்றிய பயம் இல்லை. நான் தாமதித்தால் வண்டி உருண்டுவிடும், உள்ளே அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள் என்ற பயம்தான். அந்த வண்டி நிற்பதே என் கையில்தான் இருக்கிறது என்று நம்பினேன். சோறு தின்னும்போதுகூடக் கட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். யாராவது அதன்மேல் உட்கார்ந்தால் சண்டைக்குப் போவேன். ஊரில் எல்லோரும், "பொறுப்பான பொண்ணு" என்று பாராட்டினார்கள். சக்கரத்தடியில் கை விடும் பிள்ளையைப் பார்த்துப் பொறுப்பு என்றார்களே தவிர, ஏன் விடவேண்டியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கட்டையின் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. புளியங்கட்டையின் புளிப்பும் டீசலும் மாம்பாலும் கலந்த ஒரு வாசனை. கைகழுவினாலும் போகாது.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. காலையில் கொத்தமல்லிக் கட்டு, மதியம் தக்காளிக் கூடை. கேபினில் அப்பாவின் பக்கத்தில் கியருக்கு இடம்விட்டு அம்மா, மடியில் தம்பி, கதவோரம் நான். அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுவார். அம்மா மட்டும் பாட்டைக் கேட்கமாட்டாள். அவள் கண் எப்போதும் ரோட்டில் இருக்கும். முன்னால் ஒரு வண்டி தெரிந்தால் என் தொடையைப் பிடித்துக்கொள்வாள். அவள் விரல் பதிந்த இடத்தை வைத்தே எவ்வளவு பக்கத்தில் போனோம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது, கிருஷ்ணகிரியில் ஒரு கூழ் ஆலைக்கு லோடு கேட்டிருந்தார்கள். பாடி நிறையப் பழத்தை அடுக்கி, பக்கப்பலகைக்கு மேலும் கட்டியிருந்தார் அப்பா. புறப்படுகிற நேரத்தில் தம்பிக்கு இளைப்பு ஆரம்பித்துவிட்டது. உள்ளே குழி விழுந்த நெஞ்சையும் உதட்டையும் பார்த்ததும் அம்மா ஏறி உட்கார்ந்தாள். இதற்காகத்தானே வண்டி. நானும் கட்டையோடு ஏறினேன்.

சூளகிரி தாண்டி மேலுமலை வந்தது. அப்போது அது ஒற்றை ரோடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இறக்கம் தொடங்கியதும் அப்பா பிரேக்கில் காலை வைத்தார். முதல் வளைவில் வேகம் குறைந்தது. இரண்டாவது வளைவில் ஏதோ கருகிய வாசனை வந்தது. அம்மா மூக்கைச் சுளித்து அப்பாவைப் பார்த்தாள். அவர் பாட்டை நிறுத்தியிருந்தார்.

பிறகு அவர் கால் மேலும் கீழுமாகப் போவதைப் பார்த்தேன். அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்து. மரப்பலகையில் செருப்பு அடிபடும் சத்தம். வண்டி வேகம் எடுத்துக்கொண்டே இருந்தது. பாறைகள் ஓடின. எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசித் தாண்டியது. அப்பா கியரைக் குறைக்கப் பார்த்தார், அது உள்ளே விழவில்லை, பல் அரைபடும் சத்தம்தான் வந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். அதுவும் மேலே வந்து நின்றதே தவிர வண்டி நிற்கவில்லை.

அப்போதுதான் அப்பா கத்த ஆரம்பித்தார்.

"ஹோ! ஹோ! ஹோ...!"

மாட்டு வண்டியை நிறுத்தப் போடுகிற குரல். ஸ்டியரிங்கைக் கயிறுபோலத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "ஹோ! நில்லுடா! ஹோ!" என்று அந்த இரும்பைப் பார்த்துக் கத்தினார். அப்பாவுக்குப் பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வண்டி ஓடுவதைவிட அந்தக் குரல்தான் என்னை நடுங்க வைத்தது. அப்பாவே பயந்துவிட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள்? நான் முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் எழுந்தேன். குதித்துச் சக்கரத்துக்குப் போட்டுவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். அம்மா ஒரு கையால் தம்பியையும் மறுகையால் என் பின்னலையும் பிடித்து இழுத்துத் தன் காலடியில் அமுக்கினாள். முதுகில் அவள் முழங்கால் அழுந்தியது. தலைக்கு மேலே தம்பியின் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. நிற்காதே, நிற்காதே என்று அந்த மூச்சையும், நில்லு நில்லு என்று வண்டியையும் ஒரே வாயால் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ரோடு வேலைக்காக ஓரத்தில் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். அப்பா அதில் கொண்டுபோய் விட்டார். பெரிய சத்தம். பழங்கள் எங்கள் தலைக்கு மேலே தகரத்தில் தடதடவென்று விழுந்து ரோட்டில் உருண்டன. பிறகு எல்லாம் அடங்கி, விசில் மட்டும் கேட்டது.

எனக்கு உதட்டில் ரத்தம், அம்மாவுக்கு நெற்றியில் வீக்கம். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அவரால் எடுக்க முடியவில்லை. உடம்பு மரத்தைப்போல விறைத்திருந்தது. அம்மா குனிந்து, இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"நின்னுடுச்சிங்க" என்றாள். "நின்னுடுச்சி."

பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் அம்மாவையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தம்பி பிழைத்துக்கொண்டான். இன்றைக்கு அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, என்னை நக்கல் செய்யாத நாளில்லை.

நானும் அப்பாவும் வண்டியோடு இருந்தோம். சாயங்காலம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டிய லைனிங் தேய்ந்து மின்னிக்கொண்டிருந்தது. தொட்டால் கை வழுக்கியது.

"ரொம்ப நாளாவே இது போயிருக்கு. கால் பிரேக்குக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் இதே லைனிங்தான்" என்றார் அவர். "வாங்கும்போதே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. பிரேக் நல்லா இருந்தா நாலாள் தள்ளுனாலும் நவுராது."

அப்பா திரும்பி என் கைகளைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை. கையில் அழுக்கு இருக்கிறதோ என்று பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அந்த நீல வண்டி ராகிக் காட்டோரம் அசையாமல் நின்றதும், அந்தப் பெரியவர் எதற்காகக் கேபின் பக்கம் ஓடினார் என்பதும் அந்த நிமிஷம் அவர் மனதில் ஓடியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு வண்டியிலும் கம்பி தூக்கித்தான் இருந்தது. நிற்கத் தெரிந்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நிற்கத் தெரியாததைக் கைதட்டி வாங்கி வந்திருக்கிறோம். முட்டுக்கட்டை அன்றைக்கு ஜல்லிக்குள் போனதுதான், எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

அப்பா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. நம் அப்பாக்கள் யாருக்கு அது வாயில் வந்திருக்கிறது? லைனிங் மாற்றி, முன்பக்கம் தட்டி நேராக்கி வண்டி வீட்டுக்கு வந்த அன்று காலை, அவர் கேபினில் ஏறிக் கம்பியை இழுத்துவிட்டு இறங்கினார். நான் வழக்கம்போலப் பின்னால் போனேன்.

"நீ வேணாம் பாப்பா" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளைக் கூப்பிட்டார். "இந்தா, நீ வந்து தள்ளு."

"நானா? எதுக்குங்க?"

"தள்ளு. நவுந்துச்சின்னா இன்னிக்கி யாரும் ஏறவேணாம்."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். வண்டி அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். அப்புறம்தான் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அதிலிருந்து, அந்த வண்டி எங்களிடம் இருந்தவரைக்கும், அம்மா தள்ளிப் பார்க்காமல் அப்பா வண்டி எடுத்ததில்லை. ஊரார் சிரித்தார்கள், தரகர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

எனக்கு மட்டும் பயம் போகவில்லை. வண்டி நின்றாலும் என் கால் நிற்பதில்லை, இன்றுவரை.

போன வாரம் மகளோடு ஓசூரில் பழைய வண்டி விற்கிற ஒரு யார்டுக்குப் போனேன். வரிசையாகக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு ஒரு வெள்ளை வண்டி பிடித்துவிட்டது. லோடுக்குச் சரி, கேபினும் வசதி, விலையும் கட்டுப்படியாகிறது என்றாள். இந்த வண்டியில்தான் அவள் விடியற்காலையில் தனியாக மேலுமலை இறங்கப்போகிறாள். அவளிடம் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வரச் சொன்னேன்.

பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். யார்டு ஆள் ஓடிவந்தான்.

"ஐயோ, ஹேண்ட் பிரேக் போட்டிருக்குதும்மா! இருங்க, எடுத்துடறேன்."

"எடுக்காதப்பா" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்காமல் வந்து, என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து, மூச்சைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளினோம். சக்கரத்தடியில் மணல் நெரியும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே தள்ளினேன்.

வரவில்லை. இன்னொரு தடவை தள்ளச் சொன்னேன்.